இடமா வலமா என்று கேட்காத எண்

என் வேலை நோயைப் பார்ப்பதல்ல,
நோயைப் பற்றி எழுதியதைப் பார்ப்பது.
ஆர்கன்சா, ஸ்பிரிங்டேல். மருத்துவமனையின் பின்கட்டு.
ஜன்னலுக்கு வெளியே கோழி லாரிகள் போகும்.
போன பிறகும் கொஞ்ச நேரம்
இறகுகள் சாலைக்கு மேலே
முடிவெடுக்காமல் நிற்கும்.

இன்றைய நாற்பத்தோராவது கோப்பு:
நெய்ஜோன் லாங்ரின். வயது இருபத்தொன்பது.
பிறந்தது மார்ஷல் தீவுகளில்.
கோழித் தொழிற்சாலை, எலும்பு நீக்கும் வரிசை, இரண்டாம் ஷிப்ட்.
வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை.
டாக்டர் ஹஃப்மெய்ஸ்டர் எழுதியிருக்கிறார்:
வலது மணிக்கட்டு, கட்டைவிரல் பக்கம், ஆறு வாரமாக.
கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி
சுண்டுவிரல் பக்கம் சாய்த்தபோது
நோயாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.
அவ்வளவுதான்.
நோய் என்ன என்ற இடத்தில்
'மணிக்கட்டு வலி.'

வலி நோயல்ல,
வாசலில் நின்று மணியடிக்கும் ஆள்.
உள்ளே யார் என்று எனக்குத் தெரியும்.
கட்டைவிரலின் இரண்டு தசைநார்கள்
ஒரே உறைக்குள் போய்வருகின்றன.
உறை தடித்துவிட்டால்
ஒரு ஜாடி மூடியைத் திறப்பதும்
ஈரத்துணி பிழிவதும்
அந்தக் குறுகலில் உரசித்தான் நடக்கும்.
தெரிந்ததை எழுத எனக்கு உரிமையில்லை.
மருத்துவர் சொல்லாததை நீ எண்ணாக்காதே,
பதினேழு வருடமாக இதுதான் விதி.
கேட்கலாம். ஆனால் கேள்விக்குள்
பதிலை ஒளித்து வைக்கக் கூடாது.

பரிசோதனையின் பொருளைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

நான்கு சொல், மூன்று இடைவெளி.
மூன்றும் இடது கட்டைவிரலால் தட்டியவை.
மார்ச்சிலிருந்து அப்படித்தான்.
அது இன்னும் பழகவில்லை,
சிலநேரம் சொற்கள்ஒட்டிக்கொண்டு போய்விடுகின்றன.

மூன்று நாள் பதில் இல்லை.

செவிலியின் பக்கத்தில் மட்டும் யாரோ பேசுகிறார்கள்,
மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில்.
கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை, இரவிலும்.
துண்டில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம்.
குறையாவிட்டால் ஊசி. அதற்கும் அடங்காவிட்டால்
உறையைக் கீறிவிடுவது, சின்ன வேலைதான்.
குழந்தையை அக்குளில் விரல் கொடுத்துத் தூக்காதே,
இரண்டு உள்ளங்கையும் அடியில் கொடுத்து அள்ளு.
கத்தியைப் பற்றி ஒன்றும் இல்லை.
நோயாளி கேட்ட கேள்வி:
பட்டைக்கு மேலே தொழிற்சாலைக் கையுறை நுழையுமா?
பதில் பதிவாகவில்லை.

காப்பீட்டுப் படிவத்தில் இரண்டே கட்டம்:
வேலையால். வேலையால் அல்ல.
குழந்தை பதினான்கு பவுண்டு.
வரிசையில் கோழித் தோள்கள்
எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.
ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒருவர்
மதிய உணவுக்கு முன்னால்
அந்தக் குழந்தைமீது பழியைப் போட்டுவிடலாம்.
அதைத் தடுக்க
என் விசைப்பலகையில் எந்த எழுத்தும் இல்லை.

வியாழக்கிழமை ஒரு வரி வந்தது.
பெயரைச் சொல்லிவிட்டார்: டி கெர்வெய்ன்.
எம் 65.4.
வெறும் வலிக்கு எந்தப் பக்கம் என்று துருவும் அதே புத்தகம்
இந்த எண்ணுக்கு எதுவும் கேட்பதில்லை.
எந்தக் கை, எதைத் தூக்கிய கை,
ஒன்றும் வேண்டாம் அதற்கு.
புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இலக்கம். முடிந்தது.

பதிவு செய்தேன்.
பிறகு மேசைக்கு அடியில்
கட்டைவிரலை உள்ளே வைத்து மடக்கினேன்,
மெதுவாகச் சாய்த்தேன்.
என்ன ஆச்சு லொரீன், என்றாள் பக்கத்து மேசை வேர்லீன்.
அப்போதுதான் கவனித்தேன், நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கென்று ஒரு கோப்பு கிடையாது.
கோப்பில்லாதவளுக்கு வலி என்று எப்படி எழுதுவது?

அடுத்தது: ஆறு வயதுப் பையன்.
காது. இடது.